குளத்துக்குப் போன குணா

பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் இருந்தபோது எங்கள் இறால் நோய் ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: குணசேகரன் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய ஆய்வு தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெண்புள்ளி வைரஸ் வந்தால் ஒரு குளத்து இறால் முழுவதும் சில நாட்களில் செத்துப்போகும். வைரஸ் புகுந்த உயிரணு, தன்னையே அழித்துக்கொண்டு நோயை அங்கேயே நிறுத்தப் பார்க்கும். வைரஸ் விடாது. சின்ன ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றை உண்டாக்கி, அந்த ஏற்பாட்டை அமுக்கிவிடும். "சாகுறதுக்குக்கூட விடமாட்டேங்குதுலா" என்பார் குணா. அந்தத் துண்டைத் தடுக்கும் மருந்தை, வைரஸ் புகுந்த இறால்களுக்கு ஊசியில் போட்டபோது, எங்கள் ஆய்வகத்தில் கூடுதல் இறால்கள் பிழைத்தன.

அதைக் கேள்விப்பட்டு, இறால் வளர்க்கும் ராஜு அண்ணன் நேரே வந்துவிட்டார். அப்போதுதான் அவருடைய குளத்து இறால் முழுதும் அந்த நோயில் செத்துப்போயிருந்தது.

"அந்த மருந்தக் குடுங்க டாக்டர். ரிஸ்க் என்னோடது."

"அண்ணே, ஒவ்வொரு இறாலா பிடிச்சு ஊசி போட்டோம். குளத்துக்கு அது ஆகாது. வேற வழி இன்னும் தெரியல" என்றார் குணா.

"அப்ப எதுக்குலா இந்த ஆராய்ச்சி?"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். குணா அன்று சாப்பிடவில்லை. மறுநாள், "அவர் கேட்டது நியாயம்தான் மாலதி" என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அவர் குளத்துக்குப் போனார். புதுக் குஞ்சுகளை விடுவதற்கு முன் பரிசோதித்தார். வைரஸ் இருந்தவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னார். விடுமுறையிலும் போய்ப் பார்த்தார். அந்த முறை ராஜு அண்ணன் நல்ல அறுவடை எடுத்தார்.

இறுதிச் சடங்கில் அவர்தான் அதிகம் அழுதார். "மருந்து தரலனு திட்டினேன். மனுசன் வந்துக்கிட்டே இருந்தாரு."

மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் சோதனையை குணா தொடங்கியிருந்தார். அவர் போன பிறகு நான் அதைத் தொடர்ந்தேன். போன வாரம் முதல் பலன் தெரிந்தது. மருந்து தின்ற இறால்களில் அதிகம் பிழைத்தன. ஒருமுறைதான், திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ராஜு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

இல்லாததை இருக்கிறதென்று சொல்லக்கூடாது. இல்லை என்று சொன்னதோடு போய்விடவும் கூடாது. குணாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

"இந்த மருந்து குளத்துக்கு எப்பம்மா வரும்?" என்றார் ராஜு அண்ணன்.

"தெரியல அண்ணே. சனிக்கிழமை நான் வரேன்."