ஐந்து நட்சத்திரமும் ஒரு பிடி உப்பும்

மரக்காணத்தில் ரிசார்ட்டில் தங்கப் போகிறோம் என்றதும் பெருமுக்கலில் இருக்கும் என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பஸ் ஏறினால் வந்துவிடுகிற உப்பளத்தைப் பார்க்க எவளாவது ரூம் போடுவாளா என்று கேட்டான். கணவருக்கு ஆபீசில் கொடுத்த கூப்பன் வீணாகிவிடுமே என்றுதான் திண்டிவனத்திலிருந்து கிளம்பினோம்.

போன அன்றே என் நாலு வயது மகள் சாப்பிட மறுத்தாள். இட்லியைக் கண்டால் குமட்டல், பாலைக் கொடுத்தால் வாந்தி. டாக்டரிடம் காட்டி மருந்தும் கொடுத்தாயிற்று, சிணுங்கல் மட்டும் நிற்கவில்லை. மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த அக்கா, துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவருக்கு அனுமந்தை. வீட்டுக்காரர் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர், அதனால் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கல் உப்பு இருக்குமாம்.

"கண்ணு பட்டிருக்குதும்மா, சுத்திப் போடட்டுமா?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஒரு பிடி உப்பை எடுத்து மகளின் தலையைச் சுற்றி, பாத்ரூம் பக்கெட் தண்ணீரில் போட்டார். உப்பு கரைவதை அவள் சிணுங்காமல் வேடிக்கை பார்த்தாள். மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டாள். மருந்தோ, உப்போ, எதுவானால் என்ன? பெற்ற வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ரிசார்ட்டின் சர்வே போனில் என்னை விடவில்லை. தங்கியது எப்படி இருந்தது, தலையணை எப்படி, நீச்சல் குளம் எப்படி, துண்டு மெத்தென்று இருந்ததா? மூடினால் மறுபடி வந்து நிற்கும். சனியனே, தொலை என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கட்டம். உங்கள் மனதைத் தொட்ட ஊழியரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது. காலியாக விட்டால் நகர விடாது. சரி, அந்த அக்காவுக்கு நல்லது நடக்கட்டும் என்று, மகள் வாந்தி எடுத்ததில் தொடங்கி உப்பு சுற்றிப் போட்டது வரை ஒன்று விடாமல் எழுதினேன். ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

சில நாளில் அவர்களுடைய தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் அப்படி ஒரு குழைவு. உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஊழியர் சடங்கு செய்ததற்கு மிகவும் வருந்துகிறோம், அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்றாள். புகாரா? எவள் செய்தாள் புகார்? பாராட்டித்தானே எழுதினேன், ஐந்து நட்சத்திரம் போட்டேனே என்று கத்தினேன். குழந்தை, வாந்தி என்று வந்துவிட்டால் நட்சத்திரத்தை யாரும் பார்ப்பதில்லையாம். எழுதியதை அழித்துவிடுங்கள் என்றால், அனுப்பியதை அழிக்க வழியே இல்லையாம்.

போனை வைத்த சூடு ஆறவில்லை, டிங் என்று ஒரு மெசேஜ். உங்கள் புகாரைத் தீர்த்த விதம் திருப்தியாக இருந்ததா? அடப்பாவிகளா! ஒற்றை நட்சத்திரம் போட்டு, வயிறெரிந்து என்னென்னவோ எழுதினேன். தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி என்று சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது.

மறுநாளே பஸ் பிடித்து ரிசார்ட்டுக்குப் போனேன். நான் சரி என்ற பிறகுதான் அந்த அக்கா உப்பைக் கையில் எடுத்தார் என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் முன்னால் வைத்தேன். அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஏசி ரூமிலும் அந்த ஆளுக்கு வியர்த்தது. யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில், துணி துவைக்கிற இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் கெஸ்ட் இருக்கும் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "மேடம், தயவுசெஞ்சு இதையும் சர்வேல எழுதிடாதீங்க" என்று கெஞ்சினார்.

அனுமந்தையில் விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெளியே மீன் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்துவிட்டார். "பாப்பா நல்லா சாப்புடுதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். வேலை திரும்பக் கிடைத்த சேதியைச் சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எழுதியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறேன். வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"யாரோ கெஸ்ட்டு எழுதிட்டாங்கன்னுதாம்மா நிறுத்துனாங்க. உங்க ரூம் நம்பர சொன்னாங்க. நான் நம்பவே இல்ல. அந்தம்மா அப்படி எழுதுறவங்க இல்ல சார், நல்லா பாருங்கன்னு சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்."