நல்லா விடுறவர்

"25.12.2010, சனி. 4.04 ராக்கெட் விட்டது. 4.05 வெடித்தது. 4.31 போன். அப்பா சொன்னது சரி."

நான் எழுதிய முதல் நாட்குறிப்பு இது. ஒன்பது வயதில், கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில், பென்சிலால். முதல் இரண்டு நேரங்களையும் பின்னாளில் பழைய பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தன. கடைசி வசனத்தை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இந்தியாவின் ராக்கெட் ஒன்றைப் பொறுத்திருந்தது. சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். பெற்றோர் இல்லாததால் அவருக்காக வாக்குக் கொடுக்க வேண்டியவர் அப்பா. சென்னையில் ஒரு வருடம் படிக்கப் போன இடத்தில், மாதா கோயில் பாடகர் குழுவில் ஒருவரைச் சித்தி சந்தித்திருந்தார். ராக்கெட்டுக்கு வால்வு செய்கிற பட்டறையில் தனக்கு வேலை என்று அவர் சொல்லியிருந்தார். அப்பா அந்த வேலையையும் நம்பவில்லை, அந்த ராக்கெட்டையும் நம்பவில்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பாரம் தூக்குவது பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போன முறையும் இவர்களுடைய பெரிய ராக்கெட் கடலில் விழுந்ததை அவர் மறக்கவில்லை.

"பத்து டொன் தூக்கிற கிரேனுக்கு முதல்ல பன்னிரண்டரை டொன் கட்டித் தூக்கிப் பார்ப்பம். இவங்கள் நேர ஆகாசத்திலதான் தூக்கிப் பார்ப்பாங்களாம்" என்பார்.

ஒருநாள் சித்தி பொறுமை இழந்தார். "நீங்கள் தூக்கிறது கப்பலுக்கும் கரைக்கும் நடுவில மட்டும், அத்தான்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "சரி. அது மேல போகட்டும். போனால், அண்டைக்கு அவன் இங்க போன் எடுக்கிறபோது நான் ஓம் எண்டு சொல்லுறன்" என்றார். இப்படித்தான் அந்த ராக்கெட் எங்கள் வீட்டு விஷயமானது.

அன்றிரவு சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம், "ஆள் நல்லா விடுறான்" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். காலிமுகத்திடலில் பட்டம் விடுவார்கள், நத்தாருக்கு வாணம் விடுவார்கள், இவர் ராக்கெட் விடுகிறார், அதுவும் நல்லாக விடுகிறார். அப்பாவின் மனம் மாறிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

நத்தார் அன்று பின்னேரம் வீட்டில் யாரும் பலகாரத்தைத் தொடவில்லை. நேரம் குறிக்கும் வேலையைச் சித்தி எனக்குத் தந்திருந்தார். அப்பா சாரமும் பனியனுமாகக் கதிரையில் இருந்தார். டிவியில் எண்ணிக்கை குறையக் குறைய, சித்தி தன் சங்கிலிச் சிலுவையை வாயில் கடித்துக்கொண்டார். ராக்கெட் எழும்பியது. அப்பா கதிரையை விட்டு அரைவாசி எழும்பி, கிரேனின் பிடியைப் பிடித்திருப்பதுபோல வலது கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். அவரும் தூக்கினார் என்று இப்போது எண்ணுகிறேன். ஒரு நிமிட அளவில் அது வளைந்தது. பிறகு தீயும் புகையும் துண்டுகளும். எங்கள் ஒழுங்கையில் யாரோ அந்நேரம் பார்த்துச் சீனவெடி கொளுத்தினார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "கீழ ஆக்கள் நிண்டவையோ?"

துறைமுகத்தில் பாரம் அறுந்து விழுந்தால் முதலில் கேட்கும் கேள்வி அது. துண்டுகள் கடலில்தான் விழுந்தன என்று டிவியில் சொன்ன பிறகே டிவியை நிறுத்தினார். சித்தி அழவில்லை, சுவரில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி அவர் போன் பண்ணமாட்டார் என்று அம்மா முணுமுணுத்தார். கால் மணிக்கு மேலானது.

போன் அடித்தது. சித்தி நகர்ந்தார். "நில். அவனோட நான் கதைக்கிறன்" என்ற அப்பா, போனிடம் போகாமல் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சேட்டை மறுபடி போட்டு, பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் வந்தது. அப்பா அவரை ஏசப்போகிறார் என்று பட்டது. அதற்குள் ஒரு நல்ல வார்த்தையாவது அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ மாமா. நீங்கள் நல்லா விடுறவர் எண்டு அப்பா அண்டைக்கே சொன்னவர்."

மறுமுனையில் அவர் மிக மெதுவாக, "அப்பா சொன்னது சரிதாம்மா" என்றார். அப்பா கையை நீட்டியபோது இணைப்பு அறுந்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பாராட்டை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக் கொப்பியிலும் எழுதினேன்.

அதன்பின் அவர் போன் பண்ணவில்லை. சித்தி அழைத்தபோதும் பதிலில்லை. அவனே ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார் அப்பா. நொந்துபோன மனிதன் வேறு என்ன சொல்லுவான் என்று சித்தி ஒருமுறை மட்டும் கேட்டார். என்னை யாரும் ஏசவில்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது எனக்கு விளங்க மூன்று வருடங்கள் ஆயின. பாடசாலையில் நான் ஏதோ புளுகியபோது ஒருத்தி என்னைப் பார்த்து "சும்மா விடாதையடி" என்று சொன்ன அன்று.

2023 ஜூலை 14, வெள்ளி: அதைவிடப் பெரிய ராக்கெட் ஒன்று நிலவுக்கான கலத்தை ஏற்றிக்கொண்டு போனது. ஓய்வுபெற்ற அப்பா முடியும்வரை பார்த்துவிட்டு, "தூக்கிட்டாங்கள்" என்றார். வத்தளையில் தனியாக இருக்கும் சித்தி அன்று வந்திருந்தார். அவர் எழும்பிக் குசினிக்குள் போய், குழாயை வெறுமனே திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

பட்டறையின் பெயராகச் சித்தி சொன்னதை வைத்து இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று திரும்பி வந்தது, மற்றதற்குப் பதிலில்லை. அவர் அங்கே வேலை செய்தாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை.

போனில் ஏசுவதற்கு யாரும் சேட் மாற்றுவதில்லை என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. ஓம் சொல்லத்தான் அன்று சேட்டைப் போட்டீர்களா என்று அப்பாவிடம் போன மாதம் கேட்டேன். "சேட்டோ? ஞாபகமில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதுவும் உறுதிசெய்யப்படவில்லை.