ஸ்ட்ராப்பில் இரண்டாவது ஓட்டை

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், என் வீட்டு மாடியில், போன ஜனவரியில் நடந்தது. பேய்ப் படம் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஜென்மம் நான். இப்போதெல்லாம் மாடி விளக்கை நான் அணைப்பதே இல்லை.

என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷுக்கு வாட்ச் பைத்தியம். அதுவும் பிரெஞ்சு வாட்ச். நண்பர்கள் எல்லாரும் சுவிஸ் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தால் இவர் மட்டும், “பிரான்ஸ்ல ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு தினுசு, எழில். ஒருத்தர் ஒரே முள்ளு வெச்சுப் பண்றார், இன்னொருத்தர் டயலுக்கு எனாமல் சுடறார்” என்று ஆரம்பித்துவிடுவார். தட்டில் சோறு ஆறிப்போகும்.

அதற்கு முந்தின கோடையில் ஆபீஸ் வேலையாகப் பாரிஸ் போனவர், ரயில் பிடித்து பெசான்சோன் வரைக்கும் போய்விட்டார். அந்த நாட்டின் கடிகார ஊராம் அது. ஒரு சின்னப் பட்டறையில் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று வாங்கி வந்தார். உள்ளே பாம்புத் தலை முத்திரை. நேரம் தவறாது என்று அந்த ஊர் வானாய்வுக்கூடம் சோதித்து அடித்துக் கொடுப்பதாம்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம். தோல் ஸ்ட்ராப்பில் ஓட்டையே இருக்காது. வாங்குகிறவரை உட்காரவைத்து, ஒரு பெரியவர் மணிக்கட்டை அளந்து, ஒரே ஒரு ஓட்டை போடுவார். அவ்வளவுதான். “இனி இதை வேற எவனும் கட்ட முடியாது” என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாட்ச்சுக்கு பேட்டரி கிடையாது. கையை வீசி நடந்தால் உள்ளே ஒரு தகடு சுற்றும். சர்ர்... என்று மெல்லிய சத்தம் கேட்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும்.

டிசம்பரில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்காக இவர் ஊருக்கு, கோயம்புத்தூருக்குப் போனார். வாட்ச்சை இங்கேயே விட்டுவிட்டார். விலை என்ன என்று அத்தை கேட்டால் பதில் சொல்ல முடியாதே! ஸ்டாம்பிங் தேதி தள்ளிப்போனது. வீட்டில் நானும் ஆறு வயது மகள் வெண்பாவும் மட்டும்.

மூன்று வாரம் கழித்து வீடியோ காலில் கேட்டார். “பாவம், அது நின்னு போயிருக்கும். எடுத்துக் காட்டு எழில்.”

டிராயரைத் திறந்தேன்.

ஓடிக்கொண்டிருந்தது. நிமிடம் பிசகாமல்.

“நீ கட்டினியா?”

“எனக்கெதுக்குங்க உங்க வாட்ச்? என் கைக்கு அது வளையல் மாதிரி தொங்கும்.”

வெண்பாவைக் கேட்டேன். “நோ அம்மா. ஐ டிடின்ட் டச் இட்.” அவள் பொய் சொல்ல மாட்டாள்.

வாட்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ட்ராப்பைத் தொட்டேன். வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. அது மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அடுத்த புதன்கிழமை. சாயங்காலம் 5.40. வெளியே பனி கொட்டி, அதற்குள் கும்மிருட்டு. நான் கீழே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். வெண்பா மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

சர்ர்...

கையிலிருந்த கட்டை நின்றது.

சர்ர்... சர்ர்...

மாடியில்தான். ஒரே சீராக. யாரோ கையை வீசி... நடக்கிறார்கள்.

எங்கள் படுக்கையறையிலிருந்து நடைக்கு வந்தது. நடையிலிருந்து... வெண்பாவின் அறைக்கு.

அங்கே நின்றுவிட்டது.

“வெண்பா!”



படியில் ஓடினேன்.

டக்.

ஒரே ஒரு சத்தம்.

கதவைத் தள்ளினேன்.

வெண்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையை முன்னால் நீட்டியபடி. ஆடாமல்... அசையாமல்.

அவள் மணிக்கட்டில் அந்த வாட்ச். கச்சிதமாக.

“ஹி டோல்ட் மீ டு ஸிட் ஸ்டில், அம்மா.”

“யாரு கண்ணு?”

“தி ஓல்ட் மேன். ஹிஸ் ஃபிங்கர்ஸ் ஆர் ஸோ கோல்ட்.”

ஸ்ட்ராப்பில் புதிதாக ஓர் ஓட்டை. போர்வையில் மிளகு அளவுக்கு ஒரு தோல் துண்டு.

மணி 5.52.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அலமாரியைக் கடக்கும்போது பார்த்தேன். பூட்டியபடியே இருந்தது.

கார் கதவைப் பூட்டிக்கொண்டு, வெண்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 6.15க்கு இவர் நம்பரிலிருந்து போன் வந்தது. சென்னையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தாராம். கிருஷ்ணகிரி தாண்டி, நின்றிருந்த லாரியில் டாக்ஸி மோதிவிட்டது. விடிகாலை 4.22க்கு. இங்கே அது 5.52.

“டிரைவர் ஸ்பாட்லயே போயிட்டார் எழில். வண்டி அப்பளமாயிருச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.”

எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு அழுதேன்.

பத்து நாளில் வந்து சேர்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. வாட்ச்சை எடுத்துப் பழைய ஓட்டையில் கட்டிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் அது நின்றுவிட்டது. நான் வாங்கிக் கையில் பிடித்து ஆட்டினால் ஓடுகிறது. வெண்பா கட்டினால் ஓடுகிறது. இவர் கையில் மட்டும் ஓடவில்லை.

ரிப்பேராக இருக்கும் என்று பெசான்சோன் பட்டறைக்குப் போன் செய்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு இவர் அதிகம் பேசுவதில்லை. அதனால் நான்தான் பேசினேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது ஓட்டை என்றதும் குரல் மாறியது.

“அதைப் போட்டது யார், மேடம்?”

“தெரியாது. ஏன்?”

“இங்கே ஒரு பெரியவர் மட்டும்தான் அதைப் போடுவார். வாட்ச் வாரிசுக்குப் போகும்போதுதான் போடுவார். வாட்ச்சுக்கு உரியவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாவது ஓட்டை போட்டதே இல்லை. ஆனால் அந்தப் பெரியவரே நவம்பரில் இறந்துவிட்டார்...”

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“உங்கள் கணவர் இறந்ததற்கு மிகவும் வருந்துகிறேன், மேடம்.”

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இல்லை என்று சொல்லவில்லை.