வாள் சண்டைப் படத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

யப்பானிய வாள் சண்டைப் படம் என்றால் விளக்கணைந்ததிலிருந்து மறுபடி விளக்கு எரியும் வரை வாளோடு வாள் மோதிக்கொண்டேயிருக்கும் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். அந்த இரைச்சலில் பக்கத்திலிருப்பவரோடு கதைக்கவும் முடியாது, கதைக்க வேண்டிய தேவையும் வராது. இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் என் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டாரை ஒரு திரைப்பட விழாவுக்கு வரச்சொன்னேன்.

என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டுவதற்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் பெண் பார்க்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதகக் குறிப்புப் பொருந்திய பிறகு இரண்டு குடும்பமும் எங்காவது தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திக்க வேண்டும். பெரும்பாலும் கோயில். "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று இரண்டு பக்கமும் வியந்துகொள்ள வேண்டும். சரிவந்தால் வீட்டுக்கு அழைப்பு. சரிவராவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம்.

கோளாறு என்னவென்றால், கோயிலில் தூணுக்கொரு சொந்தக்காரர் நிற்பார். முன்பு பார்த்த சம்பந்தம் சரிவரவில்லை என்பது எங்களுக்குத் தெரியுமுன் கிருலப்பனை மச்சாளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மகள் சொன்னாள்: "அப்பா, இன்னொருக்கா ஊர் பாக்க என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டினா, எனக்குக் கலியாணமே வேண்டாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வாள். ஆகவே இந்த முறை பிழையாகிப்போனால் எல்லாமே பிழைதான்.

எங்கள் ஆட்கள் தலைகாட்டாத இடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் விழா விளம்பரம் கண்ணில் பட்டது. குளிரூட்டிய மண்டபம், படம் முடியத் தேநீர். மாப்பிள்ளையின் தகப்பன் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன். "சண்டைப்படமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "சரி, வாறம்" என்றார்.

மண்டபத்துக்குள் போனதும் மனைவி என் காதருகே வந்தாள். "இஞ்ச பாருங்கோ. இந்தக் கூட்டத்திலை பட்டுச்சீலையோடை நிக்கிறது நானும் அந்த மனுசியும்தான்." உண்மைதான். மற்றவர்களெல்லாம் தாடியும் தோள்பையுமாகச் சினிமாப் பித்துப் பிடித்த இளைஞர்கள். வேலைக்கு யப்பான் போவதற்காக அந்த மொழி படிக்கும் சிங்களப் பிள்ளைகள். எந்த நாட்டு விழாவானாலும் தேநீரோடு தரும் பட்டீசுக்காக வரும் ஓய்வுபெற்ற கனவான்கள். நடுவில் மல்லிகைப்பூ வாசத்தோடு மாப்பிள்ளையின் தாய். எங்களைக் கண்டதும், "அட! நீங்களும் சண்டைப்படம் பாக்க வந்தனீங்களோ?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வியந்தார். பையன் சிரிப்பை அடக்க இருமினான். மகள் கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படம் தொடங்கியது. மழை. ஒரு வயதான வாள்வீரன் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறான். நாங்கள் அவனைப் பார்க்கிறோம். வாள் அவன் பக்கத்தில் படுத்திருக்கிறது. அவன் தேநீர் குடிக்கிறான். மறுபடி மழை. மண்டபத்தில் அப்படியொரு அமைதி; மனைவியின் வளையல் சத்தம் கேட்டது, என் வயிறு உறுமியது பின்வரிசைக்கே கேட்டிருக்கும். ஒருவரும் கதைக்கத் தேவையில்லாத இடம் என்றல்லவா தேர்ந்தெடுத்தேன்? ஒருவருமே கதைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இடைக்கிடை மொழி படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் திரையடியில் ஆங்கில எழுத்து வந்தது. எனக்கும் விளங்குகிறது என்று காட்ட ஒருதரம் நானும் அவர்களுக்குச் சற்றுப் பிந்திச் சிரித்துவைத்தேன். அங்கே ஒரு குழந்தை இறந்துபோன கதையல்லவா வந்துகொண்டிருந்தது! பிள்ளைகள் சிரித்தது அதற்கு முந்திய வசனத்துக்கு. பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் தகப்பன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு பெண்ணை வெள்ளைவெளேரென்று உடுத்திப் பல்லக்கில் கொண்டுபோனார்கள். "இதென்ன, வெள்ளைச்சீலை? ஆர் செத்தது?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"இல்லை அக்கா, அது அவையின்ரை கலியாணக் கூறை" என்று குருட்டுவாக்கில் அடித்துவிட்டேன். சரியாகத்தான் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த அந்த நேரம் பார்த்து, பாலத்தில் நின்ற கல்யாண மாப்பிள்ளையை ஒருவன் ஒரே வெட்டில் சாய்த்தான்.

"சிவசிவா!" மாப்பிள்ளையின் தாயின் கை தாலிக்குப் போனது.

நான் பிள்ளையாரிடம் மன்றாடினேன். அப்பனே, மின்சாரத்தை நிப்பாட்டு. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கேளாமலே நாள்தோறும் நிப்பாட்டினாயே, இப்போது கேட்டுக் கும்பிடுகிறேனே. விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

கடைசியில் சண்டை வந்தது. புல்வெளியில் இருவர் எதிரெதிரே நின்றார்கள். நின்றார்கள். காற்று மட்டும் புல்லைச் சாய்த்தது. கண் இமைத்த நேரத்தில் ஒரு வீச்சு, ஒருவன் விழுந்தான். மற்றவன் வாளைத் துடைத்தான். அவசரப்படாமல் உறைக்குள் விட்டான். வாள் உள்ளே போய் நின்ற அந்தச் சின்னச் சத்தத்தோடு மண்டபம் முழுக்க ஒன்றாக மூச்சு விட்டது. பட்டீஸ் கனவான்கள் உட்பட.

எதற்காக இந்தப் படங்களுக்கு விழாக்களில் இத்தனை பேர் வருகிறார்கள் என்பது அப்போது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. வீட்டில் கைப்பேசியில் பார்த்திருந்தால் மழையை விரலால் தள்ளிவிட்டு நேரே வெட்டுக்குப் போயிருப்பேன். இங்கே தள்ள முடியாது. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருந்ததால்தான் அந்த ஒரு வீச்சு உடம்பில் பட்டது. இவ்வளவையும் அரைக்கண்ணால்தான் பார்த்தேன். மற்ற அரைக்கண் மாப்பிள்ளையின் தகப்பன்மேல் இருந்தது. மனிதர் கல்லாகச் சமைந்திருந்தார். கோபம் உச்சத்துக்கு ஏறிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

தேநீர் மேசையடியில் அவரை மறித்தேன். "அண்ணை, ஒண்டும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ. இது இப்பிடியான படமெண்டு எனக்கு..."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார். "அந்த மனுசன் வாளைத் துடைச்சு உள்ளை வைச்ச விதத்தைக் கண்டனீங்களோ? என்ன ஒரு நிதானம்!"

நான் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் எடுத்துக் கொடுத்தேன்.

"நாளைக்கும் இப்பிடி ஒரு படம் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"சண்டை இருக்குமோ?"

"இருக்குமெண்டுதான் இண்டைக்கும் நினைச்சனான், அண்ணை."

அவர் தேநீர் சிந்தச் சிரித்தார். அந்தப் பக்கம் மகளும் பையனும் கோப்பையும் கையுமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தாய்மாரும் சுவரிலிருந்த விளம்பரத்தாளை மிகுந்த அக்கறையோடு படித்தார்கள். அது யப்பானிய மொழியில் இருந்தது.

திரும்பிவரும்போது முச்சக்கரவண்டிக்குள் மகளே சொன்னாள். "நல்ல பெடியன், அப்பா. ஆனா அவர் மெல்போர்னுக்குப் போய் அங்கையே இருக்கப்போறாராம். நான் கொழும்பை விட்டுப் போகமாட்டன். ரெண்டு பேரும் வெளிப்படையாக் கதைச்சிட்டம்."

"படத்தாலை ஒண்டுமில்லையே?"

"படம் நல்லா இருந்தது. நீங்கள் சிரிச்சதுதான்..." என்று தொடங்கிய மகள் தாயைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அடுத்த இடம் பாத்தா, அதுக்கும் கோயில் வேண்டாம். படத்துக்கே போவம்."

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. இரண்டு வீட்டாரும் அன்றிரவே மரியாதையாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டோம். மறுநாள் மாலை நான் தனியாக விழாவுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனும் தனியாக வந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் முகம் துடைக்கும் லேஞ்சியைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.