கங்கம்மா வந்த வீட்டில் காணாமல் போன குஞ்சுகள்

தாட்சாயணிக்கு யாராவது ஒரு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தால், தலையில் வைப்பதற்கு முன் தன் முழங்கையில் வைத்து அளந்து பார்ப்பாள். வாங்கி வந்தது கட்டிய புருஷனாக இருந்தாலும் அளவு உண்டு. டாக்டர் மாத்திரை கொடுத்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பாள். கோயிலில் விபூதி கொடுத்தால் முகர்ந்து பார்ப்பாள். புருஷன் புருஷோத்தமன் ஆந்திர எல்லையில், தடா பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். அதாவது எட்டு மணி நேரம் சந்தேகப்படுவதற்கு அவனுக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்துவிட்டால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். வீட்டுச் சந்தேகங்களைத் தாட்சாயணி சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள்.

பத்து வயது மகள் ஹரிதா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் இந்தச் சந்தேகத்தால்தான். தனியார் பள்ளி. ரிப்போர்ட் கார்டில் டிராயிங்குக்கு 'ஏ ஒன்' என்று போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

"டிராயிங் சாரு பேரு இன்னாடி?"

"டிராயிங் சாரே கிடையாதும்மா."

"அப்போ மார்க்கு யாரு போட்டது?"

"வேன் டிரைவர் அண்ணா கையெழுத்து மாதிரி கீது."

அடுத்த வாரமே டி.சி. வாங்கிவிட்டாள். புத்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ வரை தெலுங்கில் படித்தவள். தெலுங்கும் கணக்கும் தானே சொல்லித்தர முடியும், தமிழுக்குக் காலண்டர்த் தாள் இருக்கிறது என்று வீட்டிலேயே வகுப்பு ஆரம்பித்தாள். மண்டல ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து, "ஏம்மா, பாப்பனி படிகி பம்பிஞ்சவா?" என்று, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டாயா எனத் தெலுங்கில் கேட்டார்கள். ஹரிதா பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். வந்தவர்கள் காபி குடித்து, பாராட்டிவிட்டு, படிப்பை நிறுத்தியவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியலில் ஏறிய பெயரை இறக்கத் தனிப் படிவம் இருக்கிறதாம். அது இன்னும் வரவில்லை.

இந்த வகுப்போடு சேர்த்துத்தான் அறுபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் வந்தன. ஒரு வாரக் குஞ்சுகள். வீடு மாமனார் பெயரில், பைக் புருஷன் பெயரில், ரேஷன் கார்டு மாமியார் பெயரில். இந்த வீட்டில் தாட்சாயணியுடையது என்று சொல்லத்தக்க முதல் பொருள் இந்த அறுபதுதான். பின்பக்கக் கொட்டகையில் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, கீழே உமி பரப்பி, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தாள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, பல்பை ஏற்றி இறக்குவாள். தினமும் காலையில் முதல் பாடம் குஞ்சு எண்ணுவது. அம்மா எண்ணுவாள், மகள் எண்ணுவாள், இரண்டும் ஒத்துப்போனால்தான் நாஷ்டா.

குஞ்சுகள் வந்த ஐந்தாம் நாள் புருஷோத்தமன் காய்ச்சலோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினான். மறுநாள் ஹரிதாவும் படுத்தாள். இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் முத்து. அம்மை. அந்த ஊரில் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். வீட்டுக்குக் கங்கம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. பிச்சாட்டூர் டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். தாட்சாயணி இரண்டையும் நம்பாததால் இரண்டையும் விடாமல் செய்தாள்.

கங்கம்மா இருக்கிற வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. தாளிக்கக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றி வேப்பிலையை அவிழ்க்கிறவரை வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்புகூட வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரையும் திட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, குற்றம் சொல்லக் கூடாது. படுத்திருக்கிறவள் மகள் அல்ல, அம்மனே. முதல் மூன்று சட்டங்கள் தாட்சாயணிக்குச் சிரமமில்லை. நாலாவதில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவள் ஒருத்தியால்தான் நடமாட முடிந்தது. உள்ளே இரண்டு பேர், கொட்டகையில் அறுபது பேர். உள்ளறையிலிருந்து வந்ததும் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு குஞ்சுகளிடம் போவாள். அங்கிருந்து வந்ததும் மறுபடி குளித்துவிட்டு உள்ளறைக்குப் போவாள். மாமனார் மாமியார் நகரியில் மகள் வீட்டோடு நின்றுகொண்டார்கள். தெருவில் எல்லாரும் எதிர்ப்பக்கமாகவே நடக்கப் பழகிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சுலோச்சனா ஒருத்திதான் தினமும் வந்தாள். ஐம்பது வயசு, புருஷனும் மகனும் நாயுடுபேட்டையில், வீட்டில் தனி ஆள். விடிந்ததும் கேழ்வரகுக் கூழோ இளநீரோ ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து மதில்மேல் வைப்பாள்.

"தாட்சாயணி, வெச்சிகீறேன். பாப்பாவுக்கு எப்டி கீது?"

"துன்ன மாட்டேங்குதுக்கா. வாயெல்லாம் புண்ணு."

"கூழ ஆத்திக் குடு. ஏனத்தைத் திருப்பிக் குடுக்காத. எதுவும் வெளிய வரக்கூடாது."

சுலோச்சனாவின் பாத்திரங்கள் தாட்சாயணி வீட்டில் சேர்ந்துகொண்டே வந்தன.

ஹரிதா படுத்த இரண்டாம் நாள் காலையில் தாட்சாயணி குஞ்சுகளை எண்ணினாள். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்பதேதான். உமியைக் கிளறிப் பார்த்தாள். செத்த குஞ்சு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு. நாலாம் நாள் ஐம்பத்தேழு. எதுவும் வெளியே போகக் கூடாத வீட்டிலிருந்து தினமும் ஒரு குஞ்சு வெளியே போய்க்கொண்டிருந்தது.

முதலில் காக்காயைச் சந்தேகித்தாள். கொட்டகைக்கு வலை இருக்கிறது. பூனையைச் சந்தேகித்தாள். பூனை வந்தால் மற்ற குஞ்சுகள் மிரண்டு மூலையில் குவியும். இவை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன. கீரி வந்திருந்தால் பத்தைக் கடித்துப்போட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிப்போகும். தினம் ஒன்று, தவறாமல் ஒன்று, ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்கிற ஒழுங்கு எந்த மிருகத்துக்கும் கிடையாது. இது மனிதப் புத்தி. வாசலுக்கு வருகிற மனிதரோ ஒரே ஒருத்தி.

கேட்டுவிடலாம் என்றால் சட்டம் தடுத்தது. சட்டத்தை மீறிக் கேட்டால் சுலோச்சனா வருவதை நிறுத்திவிடுவாள். கூழ் நின்றுவிடும், பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஒரே குரலும் நின்றுவிடும். கேட்காவிட்டால் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிடும். கூழை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மகளுக்குக் கொடுத்தாள்.

பாடம் மட்டும் நிற்கவில்லை. ஹரிதா வேப்பிலைப் படுக்கையில், ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தாள். தாட்சாயணி அறை வாசலில் உட்கார்ந்துகொள்வாள். எண்ணல் பாடம் கழித்தல் பாடமாக மாறியிருந்தது. ஆறாம் நாள் காலை, கொட்டகைக்குப் போக அவள் எழுந்தபோதே உள்ளேயிருந்து சுரத்தில்லாத குரல் வந்தது.

"அம்மா, அம்பத்தஞ்சு."

"இன்னாடி அம்பத்தஞ்சு?"

"குஞ்சு."

தாட்சாயணி போய் எண்ணினாள். ஐம்பத்தைந்துதான். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"நான் எண்ணாத முன்ன உனுக்கு யாரு சொன்னது?"

ஹரிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன். யாரு சொன்னது?"

"கங்கம்மா கீறப்போ மிரட்டக்கூடாதும்மா. நீதான சொன்ன."

பக்கத்துப் பாயில் படுத்திருந்த புருஷோத்தமன் சட்டென்று சுவர்ப்பக்கம் புரண்டான். ஐந்து நாளாகப் புரள முடியாமல் கிடந்தவன். அவ்வளவு வேகமாகப் புரண்டதையும் தாட்சாயணி மனதில் குறித்துக்கொண்டாள். இப்போது சந்தேகப் பட்டியலில் அம்மனையும் சேர்த்து மூன்று பேர்.

ஏழாம் நாள் கொட்டகை வாசலில் சாம்பலைச் சலித்துத் தூவினாள். மறுநாள் காலை அதில் காலடி இருந்தது. செருப்புத் தடம் இல்லை. வெறுங்கால், இரண்டாம் விரலில் மெட்டிப் பள்ளம். தாட்சாயணி குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தாள். கங்கம்மா இருக்கிற இடம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திருடுகிற திருடியை அவள் கேள்விப்பட்டதில்லை.

ஒன்பதாம் நாள், விடிகிற வேளையில், வழக்கமாக வேப்பிலை ஒடிக்கப் போகிறவள் போகாமல் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். சுலோச்சனா வந்தாள். கூழை மதில்மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கொட்டகைக்குள் போய், ஒரு குஞ்சை முந்தானையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். தலையைத் தூக்கியவள் நேரே தாட்சாயணியைப் பார்த்தாள்.

கேள்வி தாட்சாயணியின் வாய் வரை வந்தது. வீட்டுக்குள் மகள் இருமினாள். வந்ததை விழுங்கிக்கொண்டாள். சுலோச்சனாவும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையால் பொத்திக்கொண்டு, வீட்டைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டாள். ஒருத்தி கேட்கக் கூடாது. இன்னொருத்திக்கு என்னவோ, சொல்லக் கூடாது போலிருந்தது. பத்தாம் நாளும் ஒன்று போயிற்று. ஐம்பத்தொன்று.

பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். முத்தெல்லாம் காய்ந்திருந்தது. ஹரிதா இரண்டு கிண்ணம் சோறு தின்றாள். வேப்பிலையை அவிழ்த்துக் கிணற்றடியில் போட்ட அடுத்த நிமிஷம் தாட்சாயணி பாத்திரங்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு சுலோச்சனா வீட்டுக்குப் போனாள். அத்தனை நாள் நெஞ்சில் திரட்டிவைத்த பேச்சில் எதை முதலில் எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

முற்றத்தில் கவிழ்த்த கூடை ஒன்று இருந்தது. உள்ளே கீச்சு கீச்சென்று சத்தம்.

"தூக்கிப் பாரு," என்றாள் சுலோச்சனா. "ஒம்போதும் கீது."

"இன்னாக்கா இது? கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"நீயா? குடுத்திருப்பியா?"

தாட்சாயணி கூடையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உன் ஊட்டுக்காரர்தான் சொன்னாரு," என்றாள் சுலோச்சனா. "முத நாளு பாப்பாவுக்கு நூத்தி நாலு காச்சலு, பெனாத்திக்கினு கீது. தம்பி ஜன்னலாண்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. எதனா பண்ணுக்கா, தாட்சாயணிக்கு மட்டும் தெரியவேணாம், அது ஆயிரம் கேள்வி கேக்கும்னாரு. தினம் ஒரு குஞ்ச ஜன்னல் வழியா கைய உட்டுப் பாப்பா தலைய மூணு சுத்து சுத்தி, முச்சந்தில கொண்டுபோய் உடறது. மூணாந் தண்ணி ஊத்தறவரிக்கும் வாயத் தொறந்து சொல்லக்கூடாது. சொன்னா பலிக்காது."

"முச்சந்தில உட்டது இங்க எப்டி வந்துது?"

சுலோச்சனா முந்தானையைக் கையில் சுருட்டினாள்.

"உட்டப்பறம் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்துட்டேன். நாயி ஒண்ணு வந்துகினு இருந்துச்சி. இத்துனூண்டு குஞ்சு, எங்க போறதுன்னு தெரியாம என் கால்கிட்டயே ஓடியாருது. மனசு கேக்கல. எடுத்தாந்துட்டேன். அப்பால தினமும் அதேதான்."

"அப்போ நீ சுத்தினது எதுவும் செல்லாது."

"செல்லாதுதான். ஆனா பாப்பா எழுந்துகிச்சே!"

பக்கத்து வாசலில் ஹரிதா நின்றுகொண்டிருந்தாள். பதினோரு நாளைக்குப் பிறகு முதல் முறையாக வெயிலைப் பார்க்கிறாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் காய்ந்த வடுக்களோடு.

"உனுக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கையே கிடையாதே," என்றாள் சுலோச்சனா. "சுத்துன குஞ்சு அந்த ஊட்டுக்கே திரும்பிப் போனா, போன கங்கம்மாவும் கூடவே திரும்பும்னு சொல்லுவாங்க. உனுக்கு இன்னா? கூடையோட தூக்கிக்கினு போ."

அவள் இதை வெகுளியாகச் சொன்னாளா, விவரமாகச் சொன்னாளா என்பது தாட்சாயணிக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

குனிந்து கூடையில் கை வைத்தாள். அவளுடைய குஞ்சுகள்தான். பதினோரு நாளில் இறக்கை முளைத்து, கொட்டகையில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தன. எடுத்துக்கொண்டு போனால் அவள் எதையும் நம்பாதவள் என்பது நிலைக்கும். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ஹரிதா லேசாக இருமினாள். வெயிலில் தூசி பறந்ததுதான் காரணம்.

தாட்சாயணி கூடையிலிருந்து கையை எடுத்தாள்.

"இதெல்லாம் நீயே திட்டம் போட்டுப் பண்ணியாக்கா?"

"திட்டம் போட்டிருந்தா அறுவதும் தீர்றவரிக்கும் கங்கம்மாவை இருக்கச் சொல்லியிருப்பேன்டி."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, கொண்டுவந்த பாத்திரங்களைத் ணங்கென்று கீழே வைத்தாள்.

"இன்னா போட்டுக்கினு கீற இதுங்களுக்கு?"

"நொய்தான்."

"நொய் மட்டும் போட்டா கால் வளையும். நாளைக்குத் தீனி எடுத்தாரேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து உடணும், அதையும் எடுத்தாரேன்." படலைத் திறந்துகொண்டு வெளியே போனவள் நின்றாள். "நான் வரதுக்குள்ள நீ எண்ணி வெக்காத. நானே வந்து எண்ணிக்கிறேன்."