இடப்பக்கத்துக் குழித்தட்டு

இடப்பக்கத்துக் குழித்தட்டில் உரத்தண்ணீர் ஊற்றியது நான்தான். ஊற்றிவிட்டு, அந்தக் கத்தரி நாற்றுகளின் பச்சை முழுவதும் உயிர் உரத்தின் வேலை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அதை நம்பி நட்டவர் என் அக்காவின் கணவர். அவர் தோட்டம் வீணாயிற்று.

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சும்மா உட்கார வராது. திருத்தணியில் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தில் நிழல்வலை கட்டி, காய்கறி நாற்று விற்கத் தொடங்கினேன். தென்னை நார்க்கழிவில் உயிர் உரப் பொடியைக் கலந்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் நிரப்பி நாற்று விடுவேன். கறுப்பாக இருக்கும் அந்தப் பொடியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். சில, யூரியாவில் இருக்கும் அதே தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும். சில மண்ணில் முடங்கிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும். இவையெல்லாம் உண்மை. நான் சொன்ன பொய், உண்மையைப் பெரிதாக்கிக் காட்டியதுதான்.

பொடியின் பலனைக் காட்ட விவசாயிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். பொடி கலந்த தட்டு இடப்பக்கம், கலக்காத தட்டு வலப்பக்கம். விதைத்த நாளிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து போய்ப் பார்ப்பேன். மலைக்கோயிலுக்கு வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடிக்க, நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இடப்பக்கத்தில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அடர்த்தியாக, சல்லிசல்லியாக ஓடியிருந்தது. அதைக் காட்டியிருந்தால் போதும். ஆனால் தூரத்தில் நிற்பவனுக்கு வேரா தெரியும்? நீரில் கரையும் ரசாயன உரத்தை ஒரு சொம்பில் கலக்கி இடப்பக்கம் மட்டும் ஊற்றினேன். இன்னொரு நாளும் ஊற்றினேன். ஞாயிறன்று அந்தத் தட்டு கரும்பச்சையாக நின்றது.

வந்தவர்களில் பாவாவும் இருந்தார். அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டை போகிற வழியில் அவருக்கு நிலம், அதை ஒட்டியே வீடு. பொடியைக் கையில் தட்டி மோந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், பல்லு வெளக்கலாமா இதுல?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"உயிர் இருக்கு பாவா அதுல."

"உயிர் இருந்தா அதுக்கு யாரு சோறு போடறது? உங்க அக்காவா? எனக்கே நேரத்துக்குப் போட மாட்டேன்றா."

"காத்துலேருந்து அதுவே எடுத்துக்கும்."

"அப்போ யூரியா வாணாமா?"

கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் தொழுவுரம் நன்றாகப் போட்ட மண்ணாக இருந்தால். அதுதான் சரியான பதில். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாணாம் பாவா," என்றேன்.

அவர் என் நாற்றையே வாங்கிப்போய், பொடிக் கரைசலில் வேரை நனைத்து, வயல் முழுக்க நட்டார். உரம் போடவில்லை. சில வாரத்தில் போன் வந்தது.

"மச்சான், இலையெல்லாம் மஞ்சளாவுது. கொஞ்சம் யூரியா வெச்சிடட்டுமா?"

அப்போதாவது சரி என்று சொல்லியிருக்கலாம். செடி பிழைத்திருக்கும். ஆனால் அவர் யூரியா வைத்தால் பக்கத்து நிலத்துக்காரர் கேட்பார், பேச்சு திருத்தணி வரைக்கும் வரும். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க," என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடப் பொறுக்க முடியாதவன் அவரைப் பொறுக்கச் சொன்னேன்.

அடுத்த முறை அவர் நேரிலேயே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் மச்சான். கரைசல்ல நனைச்ச நாத்தை வெயில்ல வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பொடில இருந்த உயிருங்க செத்துப்போயிருக்குமா?"

"ஆங், வெயில் தாங்காது," என்றேன்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் செடி மஞ்சளானது அதனால் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் இடம் தேடினேன். அக்கா போன் செய்தால் எடுக்கத் தயங்கினேன். எடுத்தால், "உன் பாவா பைத்தியம் மாதிரி ஆயிட்டாருடா. சுடுகஞ்சியைக் கீழ ஊத்தினா திட்டுறாரு, மண்ணுல உயிர் இருக்குதாம். கையில ராசி இல்லன்னு சொல்லிக்கினு நிலத்தையே குத்தகைக்கு வுடப்போறாரு," என்பாள். யாராவது என்னைக் குறை சொன்னால், 'என் மச்சான் படிச்சவன், சரியாத்தான் சொன்னான், கெடுத்தது நான்' என்று சண்டைக்குப் போகிறாராம்.

குத்தகைப் பேச்சு முடிகிற நிலைக்கு வந்ததும் கிளம்பினேன். ஒரு பஸ்ஸில் ஏறி, புறப்படுமுன் இறங்கிவிட்டேன். அடுத்ததில் போனேன். பாவா மோட்டார் கொட்டகை வாசலில் பைப்புக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொம்பு, உரத்தண்ணீர், யூரியா வேண்டாம் என்றது, பொறுக்கச் சொன்னது, வெயில்.

அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்போ அதுங்கள நான் சாவடிக்கலையா?"

"இல்ல பாவா. செத்திருந்தாலும் பயிர் அதனால போகல. பசியில போச்சு."

"எதைத் தொட்டாலும் இந்தக் கைதானேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்கு அது தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். "உன் தம்பி வந்திருக்கான். காபி குடுத்து அனுப்பு." பைப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

அதே விவசாயிகளை மறுபடியும் வரவழைத்தேன். சொம்பைக் காட்டிச் சொன்னேன். பிறகு ஏமாற்று இல்லாமல் வளர்த்த இரண்டு தட்டுகளிலிருந்தும் நாற்றைப் பிடுங்கி, வேரைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அலசிக் காட்டினேன். "வித்தியாசம் இவ்வளவுதான். இது வேணும்னா பொடி போடுங்க. ஆனா தொழுவுரத்தை விடாதீங்க, உரத்தை அடியோட நிறுத்தாதீங்க," என்றேன். ஒருவர், "ரிட்டயர் ஆயியும் பரீட்சைல காப்பி அடிக்கிறியே சார்," என்றார். சிலர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பாவா வரவேயில்லை. இழப்புக்கு ஏதாவது தருகிறேன் என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டுக்கே வராதே என்று சொல்லச் சொன்னாராம்.

பாவா நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. அடுத்த நடவுப் பட்டத்துக்கு நாற்று வாங்க என்னிடமே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"கத்தரி நாத்து இருக்குதுங்களா சார்?"

சார். மற்றவர்கள் கேட்கிற மாதிரியே.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு நாற்றைப் பிடுங்கி, நார்க்கழிவை உதறி, வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிடித்த தட்டுகளை மட்டும் எடுத்தார். ஈரச்சாக்கு கொண்டுவந்திருந்தார். அதை மேலே போர்த்தி, வெயில் படாமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போதும் ஒவ்வொரு பட்டத்துக்கும் அப்படித்தான் வருகிறார். அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பிடுங்கிப் பார்த்த நாற்றுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் அவற்றை எடுத்துக் காலிக் குழிகளில் திரும்ப ஊன்றித் தண்ணீர் தெளிப்பேன். சில பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் எது நிமிர்ந்தது என்று பார்க்கப் போவேன், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல்.