நிலாவில் இறங்கப் பாராசூட் கேட்டவர்

பேகம்பூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைன் வேலை பார்த்தபோது, சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பூ விவசாயி, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத் தலைவர். நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கியதற்குப் பெரிய பேனர் வேண்டுமாம். கலத்தின் அடியில் நெருப்பு பீறிடுவதுபோல் வரைந்து காட்டினேன்.

"ஏம்மா, ஏறும்போதுதான நெருப்பு வரும்? இறங்குறப்ப எதுக்கு? தீப்பிடிச்சு விழுற மாதிரியில்ல இருக்கு. அத எடுத்துட்டு மேல ஒரு பாராசூட் போட்டுரு."

"அண்ணே, நிலாவுல காத்தே இல்ல. பாராசூட் எப்படி விரியும்? கீழ பாத்து எஞ்சினை எரிச்சாத்தான் அது கலத்தை மேல தள்ளி வேகத்தைக் குறைக்கும். இல்லேன்னா மோதி நொறுங்கிரும்."

"செவ்வாய்க்குப் போனதுல பாராசூட் இருந்துச்சே. டிவில பாத்தேன்."

"அங்க கொஞ்சூண்டு காத்து இருக்குண்ணே. அங்கயும் பெரிய கலம்னா பாராசூட் மட்டும் பத்தாது. கடைசியில எஞ்சின்தான் இறக்கணும்."

தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அம்புட்டும் சரிம்மா. நீ பாராசூட் போடு."

"கஸ்டமர் சொல்றத செய்ம்மா" என்றார் முதலாளி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. பல்லைக் கடித்துக்கொண்டு நெருப்பை அழித்தேன். பாராசூட் ரோஸ் கலரில் வேண்டும் என்றார் தலைவர். அதையும் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் போன் செய்தார். "யாரு இந்தக் கூத்தை வரைஞ்சது? பிள்ளைகளுக்கு நான் என்னன்னு சொல்லிக் கொடுக்க?" நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். மதியம் தலைவரே வேர்த்து வடிய வந்து நின்றார்.

"நெருப்பை மட்டும் ஸ்டிக்கரா அடிச்சுக் குடும்மா. நானே ஒட்டிக்கிறேன்."

"பாராசூட்டு?"

"அது இருக்கட்டும். அழகா இருக்குல்ல."

கலத்துக்கு அடியில்தான் ஒட்ட வேண்டும், நுனி தரையைப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். ஸ்டிக்கரின் பின்னால் மார்க்கரில் அம்புக்குறிகூடப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. நெருப்பு பாராசூட்டின் நட்டநடுவில், நுனி வானத்தைப் பார்த்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டு நின்றார். திருத்தச் சொல்லி ஏதோ டைப் செய்தேன், அழித்தேன், திரும்ப டைப் செய்தேன். அதற்குள் டீச்சரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

எழுந்துபோய், அடித்துக்கொண்டிருந்த போனை முதலாளியின் பேப்பர் மேலேயே வைத்தேன். "நீங்களே பேசுங்க சார்."